பசி எழுப்பிய ஆய்வுக்கூடம்



கொடைக்கானல் மலைமீது, ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் கதிரவன் ஆய்வுக்கூடத்துக்கு 2024-இல் 125 ஆண்டுகள் நிறைந்தன. விழா எடுத்தார்கள், மகிழ்ச்சி. ஆனால், "வயிறு காய்ந்தவனுக்கு விண்மீன் எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு நீங்கள் சொல்லவேண்டிய செய்தி இது: அந்தக் கூடம் எழத் தூண்டுகோலாய் இருந்ததே பசிதான்!

1876-இல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதே வேளையில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிற்று. பின்னர் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு, மழையின் போக்கை அறியக் கதிரவனை ஆராய்க என்றது. ஆட்சியின் குற்றத்தைக் கதிரவன் தலையில் ஏற்றிவிடும் வசதியும் அதில் இருந்திருக்கலாம்! ஆயினும் கேள்வி மெய்யான கேள்வி. 1899-இல் கூடம் நிறுவப்பட்டது. 1901-இல் நோக்கும் பணி தொடங்கிற்று.

மழையை முன்கூட்டி உரைக்கும் வழி கிடைத்ததா? இல்லை. கிடைத்தது வேறு. 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியைச் சூழ்ந்த மங்கிய வளையத்தில் வளிமம் உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்வதை, நிறமாலைக் கோடுகளின் சிறு விலகலைக் கொண்டு கண்டறிந்தார். 'எவர்ஷெட் விளைவு' என்றே இன்றும் உலகம் அதனை அழைக்கிறது.

அவர் பெயர் நிலைத்தது. ஆனால், இக்கூடத்தின் முன்னோடியான சென்னை வானாய்வகத்தில், ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவருக்காவது ஏடுகளில் ஓரிடம் உண்டு. 1904 முதல், முகில் மறைக்காத நாளெல்லாம் கதிரவனைப் படமெடுத்து, கண்ணாடித் தகட்டிலே பதித்து, நாளும் நேரமும் குறித்து அடுக்கிவைத்த ஊழியர்களுக்கு? இரு உலகப் போர்கள் வந்து போயின, ஆட்சி மாறிற்று, அவர்கள் வேலை நிற்கவில்லை. ஏறத்தாழ 11 ஆண்டுக்கொரு முறை பெருகிக் குறையும் கரும்புள்ளிகளின் நூறாண்டு வரலாறு அத்தகடுகளில் இருக்கிறது. இன்று அவை கணினியில் ஏற்றப்பட்டு, பல நாட்டு ஆய்வாளருக்கும் பயன்படுகின்றன. எடுத்த அன்று அவற்றின் பயன் முழுவதையும் எவர் அறிந்திருக்க முடியும்?

கொடைக்கானலுக்குப் போவோர் ஏரியில் படகேறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். தாது ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றியும் அங்கே நின்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.