ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம்



வீடியோக் கடைக்காரர்கள் "டேப்பை இறக்குவது" என்று ஒரு வேலையைச் சொல்வார்கள். கேமரா கேசட்டில் இருக்கும் படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் வேலை. பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம் என்றுதான் பலரும் அதை நினைக்கிறார்கள். சில மாதங்களாக அதில் உட்கார்ந்து பார்த்த பிறகு, கைப்பக்குவமும் பொறுமையும் நேர்மையும் கேட்கும் ஒரு கலை அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எங்கள் பெரியப்பா காஞ்சிபுரத்தில் பட்டு நெய்தவர். கோர்வைப் புடவையில் கைதேர்ந்தவர். கோர்வை என்றால் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு வேறு நிறம். இரண்டின் ஊடையும், அதாவது குறுக்கு இழையும், ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகவேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும், தறியில் இரண்டு பேர் வேண்டும். பெரியப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். வலப்பக்கம் பெரியம்மா ஒரு நாடாவை வாங்கி வாங்கித் திருப்பிவிடுவார். 2003-ல் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அத்தான், புதிதாக வாங்கிய கைக்கேமராவில் அதை ஒரு மணி நேரம் எடுத்தார். பெரியப்பா போய்விட்டார். அந்தத் தறியும் இன்று இல்லை. கேசட் மட்டும் இருந்தது.

நெசவாளர் வீட்டில் நாடா என்றால் ஊடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகிற கட்டை. மற்றவர்களுக்கு நாடா என்றால் இந்தக் கேசட்டுக்குள் சுற்றியிருக்கும் டேப். எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டும் இருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் அந்தக் கேசட்டைக் கொடுத்தோம். டிவிடியாகத் திரும்பி வந்தது. தொடக்கத்தில் ரோஜாப்பூ விரிந்தது, பெரியப்பாவின் முகம் இதய வடிவத்துக்குள் வந்தது. கல்யாண வீடியோவுக்குச் செய்கிற மிக்சிங். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தறிச் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரமும் பெரியப்பாவின் கை ஓடுகிறது, கட்டை அடிக்கும் ஓசை ஒன்றுகூட இல்லை. செய்தவர் அன்போடுதான் செய்திருப்பார். ஆனால் எங்களுக்கு வேண்டியது அழகுபடுத்திய படம் இல்லை, கேசட்டில் இருந்தது இருந்தபடி. நல்லவேளையாகக் கேசட் கையில் இருந்தது. நானே இறக்குவது என்று முடிவு செய்தேன்.

அந்தக் கேசட் மினிடிவி வகை. இந்தப் பெயரில் வரும் டிவி தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். 1995-ல் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே கால் அங்குல அகலத்தில் டேப். ஒரு மணி நேரக் கேசட்டில் அது சுமார் 68 மீட்டர் ஓடும், பன்னிரண்டு புடவைகளை வரிசையாக விரித்துப்போட்ட நீளம். கேமராவுக்குள் விரல் பருமனில் ஒரு உருளை நிமிடத்துக்கு 9000 சுற்று சுற்றுகிறது. அதில் பதித்த ஹெட், டேப்பின் மேல் சாய்வாகக் கோடு கோடாக எழுதிக்கொண்டே போகிறது. நம் ஊர் பால் முறையில் ஒரு படத்துக்கு 12 கோடு, நொடிக்கு 25 படம். ஒவ்வொரு கோட்டின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. எழுதியிருப்பது எல்லாம் எண்கள். இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். எண்களை எண்களாகவே எடுத்து வந்தால் ஒன்றுகூடக் குறையாது. கம்ப்யூட்டரில் வந்து சேர்வது நகல் என்று சொல்வதற்கில்லை, கேசட்டில் எழுதியிருந்ததேதான்.

அப்படி எடுத்துவர ஒரே ஒரு பாதைதான் கேமராவில் இருக்கிறது. பக்கவாட்டில் சிறிய ரப்பர் மூடிக்குள் நான்கு முள் வைத்த ஒரு துளை. ஆப்பிள் அதை ஃபயர்வயர் என்றது, சோனி ஐ-லிங்க் என்றது, தரக்குறியீடு 1394. 1999-ல் ஆப்பிள் விற்ற ஐமேக் ஒன்றுக்கு டிவி என்றே பெயரைச் சேர்த்தார்கள். கேமராவைச் சொருகினால் போதும், வீட்டிலேயே படத்தை வெட்டி ஒட்டலாம். பத்து, பதினைந்து ஆண்டுகளில் அந்தத் துளை கம்ப்யூட்டர்களிலிருந்து மறைந்துவிட்டது. இன்று கடையில் வாங்கும் எந்த லேப்டாப்பிலும் அது கிடையாது.

"கேமராவில் யுஎஸ்பி துளையும் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். நானும் முதலில் அதில்தான் சொருகினேன். பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் அது மெமரி கார்டில் எடுத்த புகைப்படங்களுக்காக வைத்தது. சிலவற்றில் வீடியோ வரும், ஆனால் சுருங்கிப்போன, தெளிவில்லாத படமாக வரும்.

அடுத்து ஒரு பொறி. ஒரு முனையில் நான்கு முள், மறு முனையில் யுஎஸ்பி என்று ஒரு வயரை நூறு, இருநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். ஃபயர்வயரில் இரண்டு முனையும் சரிசமம், கேமராவும் தானாகப் பேச்சைத் தொடங்கலாம். யுஎஸ்பியில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் மறுமுனை பதில் சொல்லும். இரண்டும் வேறு வேறு பாஷை. வயரின் முனையை மாற்றிவிட்டால் பாஷை மாறிவிடுமா? நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும், அது அந்த வயரில் இல்லை. வேலை செய்யாது என்பதோடு போகாமல், மின்சாரம் தவறான முள்ளில் ஏறிக் கேமராவின் துளையே கெட்டுப்போகவும் கூடும். கேமரா போய்விட்டால் கேசட் இருந்தும் பயனில்லை.

சரியான வழி என்ன? மேசைக் கம்ப்யூட்டர் இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு ஃபயர்வயர் கார்டு போடலாம். விண்டோஸில் சில கார்டுகளுக்குப் பழைய டிரைவரை மாற்றிப் போடவேண்டி வரும். மேக் வைத்திருப்பவர்கள் தண்டர்போல்ட்டிலிருந்து ஃபயர்வயருக்கு அடாப்டர் மேல் அடாப்டராகக் கோத்துச் சமாளித்துவந்தார்கள். 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோ பதிப்பில் அந்த வழியையும் ஆப்பிள் மூடிவிட்டது, பழைய பதிப்பு ஓடும் மேக் வேண்டும். எல்லாவற்றையும்விட எளிதான வழி, யார் வீட்டிலாவது மூலையில் கிடக்கும் 2005, 2008 காலத்துக் கம்ப்யூட்டரைத் தேடுவது. எனக்கு அப்படித்தான் கிடைத்தது. நண்பர் ஒருவர் எடைக்குப் போடவிருந்த லேப்டாப்பின் ஓரத்தில் அந்த நான்கு முள் துளை இருந்தது. இறக்குவதற்கான மென்பொருள், விண்டோஸ் என்றால் வின்டிவி, லினக்ஸ் என்றால் டிவிகிராப். இரண்டும் இலவசம், இரண்டும் படத்தை நகாசு பார்க்காமல் வந்தபடி எழுதி வைக்கும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும்.

வேலையில் உட்காரும் முன் சில பழக்கங்கள் வேண்டும். கேசட்டின் முதுகில் இருக்கும் சிறிய தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டன் பட்டாலும் அழியாது. கேமராவையும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு வயரைச் சொருகுங்கள். டேப்பைக் கடைசிவரை ஓட்டி, முழுக்கத் திருப்பிச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள், வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்று இளகும். விளிம்பில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் போடவே போடாதீர்கள், ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அது பழகியவர் கையில் கொடுக்கவேண்டியது.

பிறகு காத்திருக்கவேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை. ஒரு மணி நேர கேசட் ஒரு மணி நேரம் ஓடியே தீரும். அந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. நடுவில் படத்தில் கட்டம் கட்டமாக உடைந்தால் ஹெட்டில் அழுக்கு. நிறுத்தி, கிளீனிங் கேசட்டைச் சில நொடிகள் ஓட்டி, கொஞ்சம் பின்னால் போய் மறுபடி எடுக்கவேண்டும். ஒரே கேசட்டை இரண்டு முறை எடுத்தால் உடைசல் பெரும்பாலும் இரண்டிலும் வேறு வேறு இடத்தில் விழும். இதில் நல்லதையும் அதில் நல்லதையும் சேர்த்து ஒன்றாக்க டிவிரெஸ்க்யூ என்ற மென்பொருள் வந்திருக்கிறது. அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் பிணைப்பது போன்ற வேலை அது.

ஃபயர்வயர் கிடைக்கவே இல்லை என்றால்? மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை ஒரு யுஎஸ்பி கேப்சர் பெட்டியில் சொருகி எடுக்கலாம். ஆனால் மினிடிவிக்கு அது நஷ்டம். எண்ணாக இருந்ததை மின்னலையாக மாற்றி, மறுபடி எண்ணாக்குகிறோம், விளிம்பில் நிறம் கசியும். கேசட் கெட்டுக்கொண்டே போகிறது, வேறு வழியில்லை என்றால் அதையாவது செய்துவிடுங்கள், கேசட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். விஎச்எஸ், ஹை-8 கேசட்டுகளின் கதை வேறு. அவை பிறப்பிலேயே அலைப் பதிவு, அவற்றுக்கு இந்த வழியே சரியான வழி. ஹை-8 என்றால் எஸ்-வீடியோ வயர் இன்னும் நல்லது.

அந்தக் கடையின் டிவிடியில் இன்னொன்றும் தொலைந்திருந்தது. பால் முறையில் நொடிக்கு 25 படம் என்றாலும், ஒவ்வொன்றும் பாதிப் பாதியாக, நொடிக்கு 50 தடவை எடுத்தது. இரண்டு பாதியையும் குழைத்து ஒன்றாக்கிவிட்டால் வேகமாக அசைவது எல்லாம் இரட்டையாகத் தெரியும். டிவிடியில் நாடா ஓடும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு பேய் நாடாவும் ஓடியது. நான் இறக்கிய படத்தில் 50 அசைவும் தனித்தனியாக இருக்கின்றன. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பெரியம்மாவின் கட்டைவிரல் நாடாவை எங்கே தொட்டு நிறுத்துகிறது, ஊடை எந்தக் கணத்தில் கரையின் ஊடையைக் கவ்வுகிறது என்று தெரிகிறது. நாளைக்கு ஒரு பெண்ணோ பையனோ கோர்வை பழக வந்தால் இதைப் போட்டுக் காட்டலாம்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் ஃபயர்வயர் வழியாக வந்தது. ஒவ்வொரு படத்தோடும், எடுத்த தேதியும் நேரமும் டேப்பில் மறைவாக எழுதியிருக்கும். மஞ்சள் வயரில் அது வராது. பெரியப்பாவின் கண் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா என்று வீட்டில் ரொம்ப நாள் வாக்குவாதம். தேதியைப் பார்த்தோம், 2003 அக்டோபர் 14. ஆபரேஷனுக்கு முன்னால். புரை விழுந்த கண்ணோடு அந்த மனிதர் கோர்வை பிடித்திருக்கிறார். நேரம் மாலை 6:40 என்று காட்டியது, ஆனால் ஜன்னலில் நல்ல வெயில். கொஞ்ச நேரம் குழம்பினேன். பிறகு புரிந்தது. அத்தானின் கேமரா சிங்கப்பூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நம்மைவிட இரண்டரை மணி முன்னால். நம் ஊரில் மணி 4:10.

இந்த வேலைக்குக் காலம் நீளமாக இல்லை. 2016-ல் ஜப்பானின் ஃபுனாய் விசிஆர் செய்வதை நிறுத்தியது, விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனம் அதுதான். 2019-ல் யுனெஸ்கோ, காந்த நாடாக்களைப் பற்றி உலகத்துக்கே ஓர் எச்சரிக்கை விடுத்தது. டேப் கெடுவதற்கு முன்னால் அதை ஓட்டும் கருவி தீர்ந்துவிடும் என்பதுதான் கவலை. உங்கள் ஊரில் பழைய பிடி-170 கேமராவைத் துடைத்து வைத்துக்கொண்டு இன்னும் டேப் இறக்கித்தரும் வீடியோக்காரர் யாராவது இருந்தால், அவரிடம் போங்கள். "மிக்சிங் வேண்டாம், பாட்டு வேண்டாம், கேசட்டில் இருப்பதை அப்படியே ஹார்ட் டிஸ்கில் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிற அந்த வேலைக்கு உரிய கூலியைக் கொடுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

இறக்கிய படத்தைப் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு இப்போது பார்வை மங்கல், திரையைப் பார்க்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். 23-ஆவது நிமிடம் வாக்கில் கை நின்றது. "நிறுத்தச் சொல்லு உங்க பெரியப்பாவை, இழை அறுந்துபோச்சு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் இரண்டு அடி அடித்த பிறகு, திரையில் பெரியப்பா நாடாவை வைத்துவிட்டுக் குனிந்து பாவில் இழையைத் தேடினார்.