தாழ்ந்த கால்தாங்கியும் உயர்ந்த பிறேக் மிதியும்



மோட்டார் சைக்கிளில் ஏறும் உயரமான மனிதருக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆசனத்துக்கும் கால்தாங்கிக்கும் இடைப்பட்ட தூரம் நடுத்தர உயரமுள்ளவரை மனத்திற்கொண்டு அமைக்கப்படுவது. ஆறடி மனிதர் அதில் அமர்ந்தால் முழங்கால் மடங்கி மேலெழுந்து நிற்கும். அரைமணி நேரப் பயணத்திலேயே நோவு தொடங்கிவிடும். இதற்குப் பரிகாரமாகக் கால்தாங்கிகளை ஓரங்குலமளவு தாழ்த்தும் துணையுறுப்புகளைப் பலர் வாங்கிப் பூட்டுகின்றனர். முழங்கால் நோவும் தீர்கின்றது. ஆனால், இறங்கியது கால்தாங்கி மாத்திரமே. அதற்கு முன்னால் நிற்கும் பிறேக் மிதி இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அந்த மிதியைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

பாதம் ஓரங்குலம் இறங்கினால், மிதி பாதத்துக்கு ஓரங்குலம் உயர்ந்துவிட்டது என்பதே பொருள். முன்பு விரற்பகுதியைச் சற்றே அழுத்தினால் போதுமாயிருந்தது. இப்பொழுது பாதத்தைத் தூக்கி, மிதியின்மேல் வைத்து, அதன் பின்னரே அழுத்தவேண்டும். இதற்கு அரை வினாடி மேலதிகமாகச் செல்கின்றது என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி அந்த அரை வினாடியில் 8 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். குறுக்கே ஓடிவரும் பிள்ளைக்கும் சில்லுக்கும் இடையில் அந்த 8 மீற்றர் இல்லாமற் போகலாம்.

முன்பிறேக்கே வண்டியை நிறுத்தும் வேலையிற் பெரும் பங்கைச் செய்கின்றது என்று சிலர் சொல்வர். உண்மைதான். ஆயினும் மணல் படிந்த வளைவிலும், மழைநீர் ஓடும் இறக்கத்திலும், பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லும்போதும் பின்பிறேக்கின் துணையின்றி வண்டியை அடக்குவது கடினம்.

மற்றொரு கேடு இதனிலும் பெரிது. பாதத்தைத் தூக்கிப் பிடித்துச் சலித்தவர், தம்மை அறியாமலே அதனை மிதியின்மேல் வைத்து இளைப்பாறுவார். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் நீண்ட பாதையில் இவ்வாறு சென்றால், பிறேக் இடைவிடாது உரசிக்கொண்டேயிருக்கும். டிறம் பிறேக்காயின், உட்பகுதி சூடேறிப் பிடிப்புக் குறையும். டிஸ்க் பிறேக்காயின், சூடு எண்ணெய்க்குள் ஏறும். டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசு வரையிலாவது கொதியாது; ஈரம் உறிஞ்சிய பழைய எண்ணெயோ அதற்கு வெகு முன்னரே கொதித்து ஆவிக்குமிழ் விடும். குமிழ் நசுங்கும், எண்ணெய் நசுங்காது. ஆகவே அழுத்திய மிதி வெறுமனே கீழே போகும், பிறேக் பிடிக்காது. போதாக்குறைக்குப் பின்விளக்கும் ஓயாது எரிந்துகொண்டிருப்பதால், பின்னே வரும் பஸ் சாரதி அதை நம்புவதை விட்டுவிடுவார்.

இனி, மிதியைத் தாழ்த்தும் முறை. டிறம் பிறேக் உள்ள வண்டியிற் பலர் நேரே பின்சில்லினருகேயுள்ள நட்டைத் தளர்த்தப் போகின்றனர். அது வேறு வேலைக்குரியது. அந்த நட்டு, பிறேக் பிடிக்கத் தொடங்குமுன் மிதி சும்மா இறங்கும் தூரத்தை, அதாவது விளையாட்டைக் கூட்டிக் குறைக்குமேயன்றி, மிதி நிற்கும் உயரத்தை மாற்றாது. அதனைத் தளர்த்தியவர் பழைய உயரத்திலேயே நிற்கும் மிதியை முன்னிலும் ஆழமாக அழுத்தவேண்டியவராகின்றார்.

உயரத்தைத் தீர்மானிப்பது மிதியின் அடிப்பகுதி முட்டி நிற்கும் சிறு போல்ட்டு. அதன்மேல் ஒரு பூட்டு நட்டு இருக்கும். முதலிற் பின்சில்லின் நட்டைத் தாராளமாகத் தளர்த்தி, பின்னர் பூட்டு நட்டை இளக்கி, மிதி வேண்டிய அளவு இறங்கும்வரை போல்ட்டைத் திருகி, மீண்டும் பூட்டவேண்டும். பின்நட்டை முதலில் ஏன் தளர்த்தவேண்டும்? மிதியின் நுனியைத் தாழ்த்துவது பிறேக்கை அழுத்துவதற்குச் சமம். சுழலச்சிலிருந்து நுனிவரை 15 சென்ரிமீற்றரும், கம்பி பூட்டிய கைவரை 3 சென்ரிமீற்றரும் என்று வைத்துக்கொள்வோம். நுனி 20 மில்லிமீற்றர் இறங்கினால் கம்பி 4 மில்லிமீற்றர் இழுபடும். அந்த நான்கும் பின்நட்டில் விட்டுக்கொடுக்கப்படாவிடின் சில்லு இறுகிவிடும்.

எவ்வளவு தாழ்த்துவது? கால்தாங்கியை மாற்றுமுன் அதன் மேற்பரப்புக்கும் மிதிக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளந்து குறித்துக்கொண்டவருக்குக் கவலையில்லை. அதே வேறுபாட்டை மீண்டும் கொண்டுவந்தாற் போதும். அளக்காதவர், வண்டியை மற்றொருவர் நிமிர்த்திப் பிடிக்க, வழக்கமான சப்பாத்துடன் ஏறி அமர்ந்து பார்க்கவேண்டும். பாதம் தளர்வாக இருக்கையில் அடித்தோல் மிதியைத் தொடலாகாது; கணுக்காலைச் சிறிது அசைத்தால் மிதி அகப்படவேண்டும். செருப்புடன் அமர்ந்து பார்த்தால் அளவு பிழைக்கும்.

உயரம் அமைந்த பின்பே விளையாட்டு. பெரும்பாலான வண்டிகளில் அது மிதியின் நுனியில் 2 முதல் 3 சென்ரிமீற்றர். வண்டிக்குரிய கைந்நூல் சொல்வதே முடிவு. நடுத்தாங்கியில் நிறுத்திச் சில்லைச் சுழற்றிப் பார்த்தபின், ஆசனத்தில் ஒருவரை இருத்தியும் பார்க்கவேண்டும். பின்வில் அமுங்கும்போது சில வண்டிகளிற் கம்பி இறுகுவதுண்டு.

டிஸ்க் பிறேக்கில் பின்நட்டு இல்லை. மிதியையும் எண்ணெய் உருளையையும் இணைக்கும் தள்ளுகோலின் நீளமே பல வண்டிகளில் மிதியின் உயரத்தைத் தீர்மானிக்கின்றது. உருளை மிதிக்கு மேலே அமைந்த வழக்கமான ஏற்பாட்டில், கோலைக் குறுக்கினால் மிதி தாழும். அதன் புரி 1.25 மில்லிமீற்றராயின், முன்சொன்ன 4 மில்லிமீற்றருக்கு மூன்று சுற்றுக்குச் சற்று அதிகம் வேண்டும். மிதியை விட்டதும் உருளையின் தண்டு முழுவதும் பின்வாங்க இடமிருத்தல் அவசியம். இல்லாவிடின், உள்ளேயுள்ள சிறு துளை அடைபட்டு, சூட்டில் விரியும் எண்ணெய் திரும்பிச் செல்ல வழியின்றிப் பிறேக்கைத் தானே இறுக்கும். ஓட்டத்தின் நடுவே பின்சில்லு பூட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா மிதியையும் வேண்டிய அளவு தாழ்த்த முடியாது. புகைக்குழாயோ சட்டமோ தடுக்கும். மிதியை முழு வலிமையுடன் அழுத்தி, அது எதிலும் முட்டாமல் இறங்குகின்றதா என்று பார்க்கவேண்டும். முட்டுமாயின், மிதியைச் சூடாக்கி வளைத்துத் தரும் கராஜ்காரரும் உளர். வார்ப்பு அலுமினிய மிதியை அவ்வாறு வளைப்பது அதனை முறிப்பதற்கு முதற்படி. அதைவிடப் பழைய கால்தாங்கியை மீண்டும் பூட்டிக்கொண்டு முழங்கால் நோவைப் பொறுப்பதே மேல். தாழ்ந்த கால்தாங்கி, வளைவிற் சாயும்போது முன்னிலும் விரைவில் நிலத்தைத் தொடும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

பின்விளக்கின் சுவிட்சு ஒரு சிறு வில்லால் மிதியுடன் தொடுக்கப்பட்டிருக்கும். மிதி தாழ்ந்தால் வில் இழுபட்டு விளக்கு அணையாது. சுவிட்சின் உடலைத் திரும்பவிடாது பிடித்துக்கொண்டு, அதன் நட்டை மாத்திரம் திருகி, பிறேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் விளக்கு எரியுமாறு அமைக்கவேண்டும். இடப்புறத்துக் கியர் மிதியையும் அதேயளவு இறக்கிக்கொள்வது நன்று.

இவ்வளவும் முடிந்தபின், ஆளரவமற்ற ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்க்கவேண்டும். பின்னர், பின்பிறேக்கைத் தொடாமலே நாலைந்து கிலோமீற்றர் ஓட்டிவந்து, டிறம்மின் அல்லது டிஸ்க்கின் அருகே கையை நீட்டிப் பாருங்கள், தொடவேண்டாம். அங்கே அனல் வீசினால் எங்கோ இன்னும் உரசுகின்றது. மறுபடியும் விளையாட்டிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.