அம்புக்குறி காட்டிய திசை

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கற்றல் விளைவுகள் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். என் பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் கையடக்க ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு பேட்டரி போட வேண்டும். "அதான் போன்லயே எல்லாம் இருக்கே, இது எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. போன் நம்மைத் திருப்பம் திருப்பமாக அழைத்துப் போகும். இந்தக் கருவியில், போக வேண்டிய இடத்தின் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு எண்களைப் பதிந்தால், ஓர் அம்புக்குறியும் மீதித் தூரமும் மட்டும் தெரியும். நடுவில் ஏரி இருக்கிறதா, முள்வேலி இருக்கிறதா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடித்துவிட்டது.

இதை வைத்து உலகம் முழுவதும் ஒரு விளையாட்டு நடக்கிறது. பெயர் ஜியோகேச்சிங். ஜி.பி.எஸ். அமெரிக்க இராணுவத்தின் ஏற்பாடு. பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்பை நிறுத்தினார்கள். அடுத்த ஓரிரு நாளில், மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு காட்டோரம் வாளி ஒன்றை ஒளித்து வைத்து, அதன் எண்களை அறிவித்தார். கண்டுபிடிப்பவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்க வேண்டும், நோட்டில் பெயர் எழுத வேண்டும். வாளிக்குள் இருந்தவற்றில் ஒரு கவணும், ஒரு டின் பீன்ஸும் உண்டு. விளையாட்டு அங்கிருந்து தொடங்கியது.

நம் பிள்ளைகளுக்கும் இதைக் காட்டலாம் என்று ஒரு பழைய டிபன் டப்பாவில் பென்சில், ரப்பர், குட்டி நோட்டு எல்லாம் போட்டு, சாலையோரப் புளிய மரத்தடியில் செருகி வைத்தேன். மரத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு தொழிற்சாலையின் காம்பவுண்டு சுவர். மறுநாள் போனால் மரத்தைச் சுற்றிக் கூட்டம். செக்யூரிட்டி பார்த்திருக்கிறார், காவல் நிலையத்துக்குச் சொல்லியிருக்கிறார். நான் போய், "சார், அது என் டப்பாதான்" என்று சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, ஒரு மணி நேரம் நின்று விளக்க வேண்டியதாயிற்று. அவர்கள்மீது எனக்குத் துளி வருத்தமும் இல்லை. 1991 மே 21 நடந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். இங்கே பொது இடத்தில் ஒரு டப்பாவை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தது என் புத்திக்குறைவு. உங்களில் யாராவது இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால், தயவுசெய்து பொருள் எதையும் ஒளிக்காதீர்கள்.

ஒளிக்காமலும் இதை விளையாட வழி இருக்கிறது. ஏற்கெனவே அங்கே இருப்பதைத் தேடச் சொல்வது. நான் ஏரி மதகு, கலங்கல், ஒரு சர்வே கல், பழைய பாலம் என்று ஏழு இடங்களின் எண்களை எடுத்துக்கொண்டேன். ஒவ்வோர் இடத்துக்கும், நேரில் போனால் மட்டுமே விடை தெரியும் கேள்வி ஒன்று. மதகுக்கு எத்தனை படி? பாலத்தில் பொறித்திருக்கும் ஆண்டு என்ன? தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, உடன் இன்னோர் ஆசிரியர், கரையை விட்டுத் தண்ணீர்ப் பக்கம் இறங்கக் கூடாது என்ற கட்டளை. இவ்வளவும் ஆன பிறகுதான் ஒன்பதாம் வகுப்பை ஒரு சனிக்கிழமை காலை அழைத்துப் போனேன்.

முதல் குழுவின் அம்புக்குறி நேராக ஏரியின் நடுவைக் காட்டியது. "சார், மதகு தண்ணிக்குள்ளயா இருக்கு?" வாங்கிப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்தது 58.300 நிமிடம். பையன் பதிந்தது 58 நிமிடம் 30 விநாடி. 0.3 நிமிடம் என்றால் 18 விநாடிதானே? 12 விநாடி கூடிவிட்டது. அட்சக்கோட்டில் ஒரு விநாடி ஏறத்தாழ 31 மீட்டர். ஆக, சுமார் 370 மீட்டர் வடக்கே போய்விட்டது. பதின்மத்தையும் அறுபதின் கணக்கையும் குழப்பிக்கொள்ளும் இந்தப் பிழையை எத்தனை விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்திருப்போம்! கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தபடி கணக்குப் போட்ட அந்தக் குழு அதன் பிறகு அந்தப் பிழையைச் செய்யவில்லை. பெரிய தகரக் கூரைகளுக்கும் உயர்ந்த சுவர்களுக்கும் பக்கத்தில் சிக்னல் மோதித் திரும்புவதால் கருவி தடுமாறும் என்பதையும் அன்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரகடம் பக்கம் அதற்கா பஞ்சம்.

திரும்பி வரும்போது லாம்ப்டன் கதையைச் சொன்னேன். 1802 ஏப்ரலில் இங்கிருந்து அதிகத் தூரமில்லாத பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை அவர் அடிக்கோடு அளந்தார். சுமார் 12 கிலோமீட்டர். நூறடி எஃகுச் சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து, 57 நாள். இந்தியாவின் பெரும் முக்கோண அளவைப் பணி அந்தக் கோட்டில்தான் தொடங்கியது. "57 நாளா? நம்ம சிப்காட் பஸ் அரை மணியில போயிடும் சார்" என்றான் ஒருவன். கணக்குச் சரிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். அப்பாவுக்கு இங்கே கம்பெனியில் ஒப்பந்த வேலை. தமிழ் இன்னும் திக்கித் திக்கித்தான் வரும். வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருப்பாள். அன்று கருவி அவள் கைக்குப் போனதும் குழு அவள் பின்னால் நடந்தது. எண்ணுக்கு மொழி தேவைப்படவில்லை. ஏழு இடங்களில் ஐந்தை முதலில் கண்டது அவள் குழு. இரண்டு ஆண்டுகளாக அவளை "பேசாத பிள்ளை" என்று குறித்து வைத்திருந்தவன் நான்.

திங்கட்கிழமை இடைவேளையில் அட்லஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிரம்மபூரின் மீது விரலை வைத்து, "சார், இது போடலாமா?" என்றாள். அவள் ஊர் அதன் பக்கத்தில். அவளே வடக்கு 19 பாகை 19 நிமிடம், கிழக்கு 84 பாகை 47 நிமிடம் என்று பதிந்தாள். திரையில் சுமார் 870 கிலோமீட்டர் என்று வந்தது. கருவியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நாலு எட்டு நடந்தாள். அம்புக்குறி சுழன்று வடகிழக்கில் நின்றது. எங்கள் சத்துணவுக் கூடம், அதற்குப் பின்னால் தொழிற்சாலைச் சுவர். அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி அடித்த பிறகும் நான் கூப்பிடவில்லை.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து தாத்தா ஊர், அம்மா ஊர் என்று போட்டுப் பார்த்ததில் ஒரே வாரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கருவி இப்போதும் என் பையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். பேட்டரி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.