மூளை அழற்சியும் கஞ்சாச் செடியின் மருந்துப் பொருள்களும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி மண்டபத்தில் கஞ்சாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தார்கள், சிலர் திகைத்தார்கள். ஆனால் வைத்தியர்களாகிய எங்களிடம் ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் நீங்கள் கேட்கும் கேள்விதான் இது: "அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டு போகுது. சி.பி.டி. எண்ணெய் மூளை அழற்சிக்கு நல்லதாம். ஒரு போத்தல் அனுப்பி விடட்டோ?" இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு.

முதலில் அழற்சி. மூளைக்கென்று காவற்கலங்கள் இருக்கின்றன. அவற்றை மைக்ரோகிளியா என்கிறோம். கிருமி புகுந்தாலும் காயம் பட்டாலும் அவை விழித்தெழுந்து துப்புரவு செய்யும். இது எமக்குத் தேவையான வேலை. வேலை முடிந்தபின்பும் அவை அடங்காமல் இருந்தால் நல்ல நரம்புக்கலங்களும் சேதமடைகின்றன. மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ், அல்ஸைமர் நோய், பலத்த தலைக்காயம் ஆகியவற்றில் இந்த அடங்காத அழற்சியைக் காண்கிறோம்.

இனிச் செடி. கஞ்சாவில் கனபினொயிட் எனப்படும் சேர்வைகள் நூற்றுக்கு மேல் உள்ளன. போதை தருவது ரி.எச்.சி.; போதை தராதது சி.பி.டி. ரி.எச்.சி.யைப் பிரித்து அதன் அமைப்பை 1964இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலின் ரபாயெல் மெசூலமும் அவரது சகாவும். ஒரு செடியின் சாற்றுக்கு எமது மூளை ஏன் பதில் கொடுக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. 1990இல் மூளையில் அதற்கான வாங்கி (சி.பி.1) இனங்காணப்பட்டது. 1992இல் அந்த வாங்கியில் பொருந்தும், உடலே உற்பத்தி செய்யும் பொருள் கிடைத்தது. அதற்கு 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். 1993இல் இரண்டாவது வாங்கி (சி.பி.2) தெரியவந்தது. இது பெரும்பாலும் நோயெதிர்ப்புக் கலங்களில் இருப்பது. அழற்சியின்போது மைக்ரோகிளியாவிலும் இது பெருகுகிறது. ஆய்வுகூட எலிகளில் இதைத் தூண்டியபோது அந்தக் கலங்கள் சாந்தமடைந்தன, அழற்சியைக் கூட்டும் இரசாயனங்கள் குறைந்தன. எதிர்பார்ப்பு பிறந்தது இங்கேதான்.

எமது கல்லூரி ஆய்வுகூடத்தில் அவதானம் ஒரு நிரலிலும் அனுமானம் இன்னொரு நிரலிலும் எழுதப் பழகினோம். இரண்டையும் கலந்தால் புள்ளி போய்விடும். எலியில் கண்டது அவதானம். அம்மாவின் மறதி குணமாகும் என்பது அனுமானம். நடுவில் மனிதரில் நடந்த பரிசோதனைகள் இருக்கின்றன.

டெக்ஸனபினோல் என்ற செயற்கைக் கனபினொயிட் விலங்குகளில் மூளைக்காயத்தின் வீக்கத்தைக் குறைத்தது. கடுமையான தலைக்காயமடைந்த 861 பேரில் அதைச் சோதித்த முடிவு 2006இல் வெளிவந்தது, பலன் இல்லை. முற்றிவரும் மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ் உள்ள ஏறத்தாழ 500 பேருக்குப் பிரித்தானியாவில் மூன்று ஆண்டுகள் ரி.எச்.சி. கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி நோயின் போக்கு மெதுவாகவில்லை.

பலன் கிடைத்த இடங்களும் உண்டு. ட்ராவே எனும் கடுமையான வலிப்புநோய் உள்ள 120 பிள்ளைகளில் நடந்த பரிசோதனை 2017இல் வெளியானது. சி.பி.டி. பெற்றவர்களின் மாதாந்த வலிப்பு இடைநிலை அளவில் 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது, வெற்று மருந்து பெற்றவர்களில் அது 14.9இலிருந்து 14.1ஆக மட்டுமே குறைந்தது. மறுவருடம் அமெரிக்கா அந்த மருந்தை அங்கீகரித்தது. மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸில் தசை விறைப்பைத் தளர்த்தும் வாய்த்தெளிப்பு ஒன்றும் பல நாடுகளில் பாவனையில் உள்ளது. இவை சிறிய வெற்றிகளல்ல. ஆனால் வலிப்பைக் குறைப்பதும் விறைப்பைத் தளர்த்துவதும் மூளை அழற்சியைக் குணமாக்குவதாகாது.

ஆகவே எங்கள் பதில்: அந்தப் போத்தலை அனுப்ப வேண்டாம். காரணங்கள் மூன்று.

ஒன்று, மற்ற மருந்துகளோடு அது மோதும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவருக்கு இரத்தக்கசிவு வரலாம். வல்ப்ரோயேற் எடுப்பவரின் ஈரல் பாதிக்கப்படலாம். குளோபசாம் எடுப்பவருக்குத் தூக்கம் மிஞ்சலாம். ரி.எச்.சி. கலந்திருந்தால் வயதானவர் தடுமாறி விழுவார், குழப்பம் கூடும்.

இரண்டு, போத்தலின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருப்பதில்லை. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். 26 மட்டுமே சொன்ன அளவைக் கொண்டிருந்தன, 18இல் ரி.எச்.சி. இருந்தது. கனடாவில் கஞ்சா 2018 முதல் சட்டபூர்வமானது. இலங்கையிலோ அதைப் பயணப்பெட்டியில் கொண்டுவருபவர் சட்டச் சிக்கலில் மாட்டுவார்.

மூன்றாவதுதான் எங்களை அதிகம் கவலைப்படுத்துவது. உடனே சிகிச்சை தேவைப்படும் மூளை அழற்சிகள் உள்ளன. 2007இல் விவரிக்கப்பட்ட என்.எம்.டி.ஏ. வாங்கி எதிர்ப்பு அழற்சி பெரும்பாலும் இளம்பெண்களைத் தாக்குவது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை சில நாட்களுக்குள் நித்திரையின்றி, பொருத்தமில்லாமல் பேசி, வலிப்பும் வந்து மாறிவிடுவாள். மனநோய் என்றும் பேய் பிடித்தது என்றும் நாட்கள் கடந்துவிடும். ஸ்டெரொயிட், இமியூனோகுளோபுலின் முதலிய சிகிச்சைகளை நேரத்துக்குத் தொடங்கினால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். காய்ச்சலோடு தலையிடியும் குழப்பமும் வந்தாலோ, திடீரென்று குணம் மாறினாலோ, எண்ணெய் தேடாமல் வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

இந்தத் துறையில் கதவு மூடப்படவில்லை. போதை தராமல் சி.பி.2 வாங்கியை மட்டும் தூண்டும் மருந்துகளைத் தேடும் ஆய்வுகள் நடக்கின்றன. இன்று முன்வரிசையில் இருக்கும் உயர்தர வகுப்பு மாணவிகளில் சிலராவது அந்த வேலையில் சேர வேண்டும் என்று விரும்புகிறோம்.

அதுவரை, வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளே, அம்மா எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதுவியுங்கள். அடுத்த கிளினிக்குக்கு யாராவது ஒருவர் அந்தத் தாளோடு கூடப் போகட்டும். குறைந்துபோன தைரொயிட், விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, வேண்டாத தூக்க மாத்திரை என்று திருத்தக்கூடிய காரணம் ஏதும் மறதிக்குப் பின்னால் இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அந்தப் போத்தலின் காசை அதற்குச் செலவழியுங்கள்.