வெளிக்குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?

சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவர் குழாய் மாட்டுவதைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். இந்த அரங்கில் இருக்கும் பலர் இன்னும் சில ஆண்டுகளில் வீடு கட்டுவீர்கள். இல்லையென்றால் பெற்றோர் கட்டும் வீட்டுக்குக் கடன் தவணை கட்டுவீர்கள். வேலை நடுவில் ஒருநாள் ஒப்பந்தக்காரர் கேட்பார்: "வெளிய ஒரு கொழாய் போட்டுருவமா?" சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நான் பேச வந்தது அந்த 'சரி'யைப் பற்றி.

தூத்துக்குடியில் தண்ணீர் இரண்டு வகை. வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். தாமிரபரணியிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணீர். முறை வைத்துத்தான் திறப்பார்கள், வரும்போது தொட்டியில் பிடித்துக்கொள்ள வேண்டும். போர் போட்டால் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். ஒரு பக்கம் கடல், சுற்றிலும் உப்பளம், வேறென்ன வரும்? அதனால் புது வீடுகளின் மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகளைப் பார்க்கலாம். நல்ல தண்ணீர் அடுப்படிக்கு இறங்கும். உப்புத் தண்ணீர் கழிவறைக்கும் துவைக்கிற கல்லுக்கும் வெளிக்குழாய்க்கும் போகும்.

வெளிக்குழாய் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். செடிக்கு, வண்டி கழுவ, துட்டி வீட்டுக்குப் போய்வந்தால் கால் நனைக்க என்பார்கள். பொய்யில்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் கடைசியாக ஒன்று வரும்: "வேலைக்கு வர்றவங்களுக்கும் ஆச்சு." குப்பை வண்டியோடு வருகிறவர், சாக்கடை அடைப்பு எடுக்க வருகிறவர், செங்கல் இறக்குகிறவர். யாரும் அவர்களை வாசலில் மறிக்கவில்லை. சாதிப் பெயர் சொல்லி யாரும் ஏசவில்லை. சுவருக்குள் புதைத்த பிவிசி குழாயே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அதன் உயரத்தையும் கவனியுங்கள். ஒன்றரை அடி, வாளி வைக்கிற உயரம். அதில் தண்ணீர் குடிக்க ஒரு மனிதர் குந்த வேண்டும். குந்திக் குடித்தாலும் உப்பு.

அம்பேத்கர் சிறுவயதில் படித்த பள்ளியில் குழாய் இருந்தது. மற்ற பிள்ளைகள் தாகம் எடுத்தால் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுத் தாங்களே திறந்து குடிக்கலாம். அவர் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. குழாயில் தண்ணீர் இருந்தது, பக்கத்தில் தாகமும் இருந்தது. திறக்கும் உரிமை மட்டும் இன்னொருவர் கையில் இருந்தது.

1924ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்றது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கரும் தோழர்களும் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அடி விழுந்தது. பிறகு 108 குடம் சாணமும் கோமூத்திரமும் தயிரும் கலந்து ஊற்றி அந்தக் குளத்தைச் 'சுத்தப்படுத்தினார்கள்'. பத்து ஆண்டுகள் வழக்கு நடந்து 1937ல்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தூத்துக்குடிக்கும் அந்த 1927 முக்கியமான ஆண்டு. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாக இந்த ஊருக்குக் கொண்டுவந்த ஆண்டு அது. பரதவர் சமூகத்தில் பிறந்த அவரை இந்த ஊர் இன்றும் நன்றியோடு நினைக்கிறது, சரிதான். ஊர் வரைக்கும் தண்ணீரை அவர் கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்குள் வந்த பிறகு அது எந்தக் கைக்குப் போகும் என்பதை எந்த நகராட்சியும் தீர்மானிக்க முடியாது.

சட்டமும் அங்கே தடுமாறுகிறது. அரசமைப்பின் 15(2) பொதுக் கிணறு, குளம், படித்துறை பற்றிப் பேசுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் தண்ணீர்க் குழாய் என்ற சொல்லே இருக்கிறது. தீண்டாமையை எந்த வடிவிலும் ஏற்காத 17ஆம் பிரிவு, பொது இடம் தனி இடம் என்று கோடு போடவில்லை. ஆனாலும் உப்புத் தண்ணீர் லைனில் மாட்டிய குழாய்க்கு எதிராக எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பீர்கள்? 2022 டிசம்பரில் வேங்கைவயல் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது நாம் தெருவுக்கு வந்தோம், வந்திருக்கவும் வேண்டும். ஆனால் நம் வீட்டுத் தொட்டியிலிருந்து எந்த லைன் எங்கே போகிறது என்பதற்கு ஆர்ப்பாட்டம் தேவையில்லை, பிளம்பரிடம் சொன்னால் போதும்.

இது மேல்சாதி வீடுகளின் கதை மட்டும் என்று நினைத்தால் அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வை நாம் படிக்கவே இல்லை என்றாகும். எங்கள் தெருவில் எல்லோரும் ஒடுக்கப்பட்டவர்கள்தான். ஆனால் தூய்மைப் பணியாளருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடு எங்கள் தெருவிலும் உண்டு. நாங்கள் இப்போது உப்பளத்தை ஒட்டி வீடு கட்டுகிறோம். அம்மா முப்பது வருடம் உப்பு வாரியவர். வெளிக்குழாய்க்கு நல்ல தண்ணீர் லைன் கொடுங்கள் என்று அம்மா சொன்னதும் ஒப்பந்தக்காரர் சிரித்துவிட்டார்.

"வெளிக் கொழாய்க்கு எதுக்கும்மா நல்ல தண்ணி?"

"பாத்தியில நின்னுட்டு, ஒதுங்க இடமில்லன்னு தண்ணியே குடிக்காம கெடந்தவ நான். எதுக்குன்னு எங்கிட்ட கேக்கியளே."

அப்பாவின் கவலை வேறு. "நம்ம வீட்டுக் கொழாயில எவன் குடிப்பான்?" அதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது: "குடிக்கதும் குடிக்காததும் அவன் பாடு. தண்ணி நல்ல தண்ணியா இருக்கணும்லா."

தண்ணீர் வீணாகும் என்பார்கள். முறை வைத்து வரும் தண்ணீர், கவலை நியாயம்தான். வெளியே இரண்டு குழாய் போடுங்கள். செடிக்குத் தாழ்வாக ஒன்று, உப்புத் தண்ணீரில். குடிக்க இன்னொன்று, இடுப்புக்கு மேல் உயரத்தில், நல்ல தண்ணீரில். ரயில் பெட்டியில் இருப்பதுபோல அமுக்கினால் வந்து, விட்டால் நிற்கிற குழாய். கூடுதல் செலவு கொஞ்சம் பைப், இரண்டு எல்போ, ஒரு வால்வு, பிளம்பருக்கு அரை நாள் கூலி. பூச்சு வேலைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். பூசிய பிறகு சுவரை வெட்டச் சொன்னால் வீட்டில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். நாங்கள்தான் பாட்டில் தண்ணீர் கொடுக்கிறோமே என்று சிலர் சொல்கிறார்கள். கொடுங்கள். ஆனால் உறவினருக்கு எவர்சில்வர் டம்ளர், வேலைக்கு வந்தவருக்கு மட்டும் தூக்கிப் போடும் பேப்பர் கப் என்றால் அது இரட்டைக் குவளையேதான், சுகாதாரம் என்ற பெயரில்.

ஒரு தோழி கேட்டது எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது. நல்ல தண்ணீரே வந்தாலும் வெளிக்குழாய் வெளியேதானே இருக்கிறது, உள்ளே கூப்பிட்டால் என்ன? கூப்பிட வேண்டும். குழாய் இருக்கிறது என்பது கூப்பிடாமல் இருக்கக் காரணம் ஆகக்கூடாது. அதே நேரம், கைகால் முழுக்கச் சேறோடு நிற்கிற ஒருவர் நம் புதுத் தரையில் கால் வைக்கக் கூசலாம். அவர் நம்மைக் கூப்பிடாமல், யாரிடமும் கேட்காமல், நின்றபடி தன் கையால் திறந்து குடிக்க ஒரு குழாய் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அதை வாசல் பக்கச் சுவரில், தெருவில் நிற்பவருக்குக் கை எட்டும்படி வைக்கிறோம். கழிவறையை யாருக்குத் திறந்துவிடுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.