மேசையை விட்டு எழுந்து வாருங்கள்!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே, இரும்பு மார்க்கெட்டில் கடைசி லாரிக்கு லோடு ஏத்திவிட்டு, குளிச்சும் குளிக்காமலும் வந்து உட்கார்ந்திருக்கிற சாத்தாங்காட்டுப் பெருமக்களே!

துப்பறியும் கதை எழுதுகிறவருக்குப் பெருமை தருவது அவர் எழுதுகிற மேசையா, வாசகரைத் தேடிப் போய் நிற்கிற மேடையா? இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. மேடை என்று பேச வந்திருக்கிறேன். எங்க வீட்டுக்காரம்மா கேட்டாங்க, "நீங்க எந்தத் தலைப்பிலே மேடை வேண்டாம்னு பேசியிருக்கீங்க?" என்று. (சிரிப்பு) நியாயமான கேள்வி. அதற்குள் நான் போகலை.

எதிரணித் தலைவர் ஒரு பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார். "எங்கேயோ இருக்கிற இங்கிலாந்துக்கு ஏன் போகணும்? உங்க ஊர் திருவொற்றியூரையே எடுத்துக்குங்க. சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தார், ஒற்றியூரை விட்டுப் போகமாட்டேன் என்று. மீறிப் போனார். கண் போச்சு! ஆகவே எழுதுகிறவன் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

ஐயா, நான் இந்த ஊர்க்காரன். அந்தக் கதையை எனக்கே சொல்றீங்களா? முழுசாச் சொல்லுங்க! சுந்தரர் என்ன செய்தார்? கோயிலுக்குள்ளே சத்தியம் பண்ணப் போகும்போது, "சாமி, நீங்க கொஞ்ச நேரம் கருவறையை விட்டு அந்த மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க" என்று முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்கொண்டார். சாமி இல்லாத இடத்தில் சத்தியம் பண்ணினால் செல்லாதே! சாமி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, நேரே சங்கிலியார் கனவிலே போய், "அம்மா, சத்தியத்தை மகிழ மரத்தடியிலே வாங்கு" என்று சொல்லிவிட்டார். (பலத்த சிரிப்பு) இதைவிட நல்ல திருப்பத்தை எந்த மர்ம நாவல்லேயாவது படிச்சிருக்கீங்களா? சென்னையின் முதல் துப்பறியும் கதையே எங்க ஒற்றியூர்க் கதைதான்!

சரி, கண் போச்சு. பிறகு என்ன ஆச்சு? அவர் திரும்பி வந்து வீட்டிலே உட்கார்ந்துவிட்டாரா? போனார். வழியெல்லாம் பாடிக்கொண்டு போனார். காஞ்சியிலே ஒரு கண் வந்தது, ஆரூரிலே இன்னொரு கண் வந்தது. போனதால் போன கண், போனதால்தான் திரும்பி வந்தது. அதை ஏன் ஐயா பாதியிலே நிறுத்துனீங்க?

தமிழிலே எழுதுகிறவன் எப்போதுமே நடந்தவன்தான். ஆற்றுப்படை என்று ஒரு வகையே வைத்திருக்கிறோம். பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், எதிரே வறுமையோடு வருகிற பாணனைப் பார்த்து, "இந்த வழியாப் போ, இன்ன ஊர் வரும், அங்கே இன்னாரைப் பாரு" என்று சொல்லுவதுதான் அது. பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படை. முனைவர் பட்டத்துக்கு நான் ஆராய்ந்ததும் அதுவே. அன்றைக்குப் புலவன் தேடிப் போனது அரசனை. இன்றைக்கு அரசன் யார்? ஒரு நாளுக்கு நாலணா வாடகை கொடுத்துப் புத்தகம் எடுத்துப் படித்தானே, அவன்தான்.

இப்போ இங்கிலாந்துக்கு வருகிறேன். ஆர்தர் கானன் டாயில். 1893-லே ஷெர்லாக் ஹோம்ஸை அருவியிலே தள்ளிக் கொன்றுவிட்டார். அவருக்கு அந்த ஆள் மேலே சலிப்பு. சரித்திர நாவல் எழுதிப் பேர் வாங்கணும் என்று ஆசை. மறு வருஷம், 1894-லே, தம்பியைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குச் சொற்பொழிவுப் பயணம் போனார். போன இடத்திலெல்லாம் ஜனங்களுக்கு வேண்டியிருந்தது ஹோம்ஸ்தான்.

அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு துணுக்கு அந்த நாளிலேயே உலாவியது. பாஸ்டன் ரயிலடியிலே ஒரு வண்டிக்காரன், கூலிக்குப் பதிலாக உங்க கூட்டத்துக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள் என்றானாம். "என்னை எப்படி அடையாளம் கண்டுபிடிச்சே?" என்றார் இவர். கோட்டுக் கசங்கல், தொப்பியிலே இருக்கிற விரல் அடையாளம், செருப்பிலே ஒட்டின சேறு என்று ஒவ்வொன்றாய் எடுத்து விட்டான். இவர் அசந்துபோய் நிற்கும்போது, "அதோட, உங்க பெட்டியிலே பேரு எழுதியிருக்கு சார்" என்றானாம். (சிரிப்பு) கதாநாயகனைக் கொன்ற ஆசிரியருக்கு, அவன் சாகவில்லை என்று ஒரு வண்டிக்காரன் காட்டிவிட்டான் பாருங்க! 1901-லே பழைய வழக்கு என்ற பேரிலே ஹோம்ஸைக் கொண்டு வந்தார். 1903-லே ஆளையே உயிரோடு கொண்டு வந்துவிட்டார். பத்திரிகைகள் கொட்டிக் கொடுத்த பணம் ஒரு காரணம், மறுக்கலை. ஆனால் பணம் கொடுத்த பத்திரிகைக்குப் பணம் எங்கேயிருந்து வந்தது?

எதிரணியிலே இரண்டாவதாகப் பேசிய அம்மையார் டிக்கென்ஸைச் சொன்னாங்க. அதற்கு நான் மழுப்பப் போவதில்லை. அவங்க சொன்னது உண்மை. 1867 கடைசியிலே அமெரிக்கா போய், மறு வருஷம் ஏப்ரல் வரைக்கும் ஊர் ஊராகத் தன் கதையைத் தானே படித்துக் காட்டினார். திரும்பி வந்தும் நிறுத்தலை. நான்ஸியை அடித்துக் கொல்கிற கட்டத்தை மேடையிலே நடித்தே காட்டினார். படிக்கும்போது நாடி எகிறும், படித்து முடித்தால் சோபாவிலே சாய்த்துப் படுக்க வைக்கணும். வைத்தியர் தடுத்தார். 1870 ஜூன் 9-ஆம் தேதி போய்விட்டார், வயது 58. எழுதிக்கொண்டிருந்த மர்ம நாவல் பாதியிலே நின்றது. எட்வின் ட்ரூட் என்ற பையன் காணாமல் போகிறான். கொன்றது யார், கொன்றார்களா இல்லையா, இன்றைக்கு வரைக்கும் உலகம் வாதாடிக்கொண்டிருக்கிறது. மேடை அந்த மனிதரைத் தின்றது, அம்மா. அந்த ஒரு மதிப்பெண்ணை நடுவர் உங்களுக்கே போடட்டும். (கைதட்டல்)

ஆனா நம்ம ஊர்க் கணக்கையும் பார்க்கணும். தமிழிலே துப்பறியும் நாவலுக்கு நூறு வருஷத்துக்கு மேலே வயசு. ஜே.ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள் 1908-லே வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று வரிசையாக வந்தார்கள். அப்புறம் தமிழ்வாணன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நின்ற மனிதர். கடித உறையிலே அந்தத் தொப்பியையும் கண்ணாடியையும் வரைந்து போட்டால் போதும், தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் என்று சொல்வார்கள். மேசையிலேயே உட்கார்ந்திருந்தால் தபால்காரருக்கு அந்தக் கண்ணாடி எப்படி ஐயா தெரியும்?

"ராஜேஷ்குமார் கோயமுத்தூரிலே உட்கார்ந்துகொண்டே ஆயிரத்தைந்நூறு நாவலுக்கு மேலே எழுதிவிட்டாரே" என்று கேட்டார்கள். ஆமா, எழுதினார். எழுதின ஒவ்வொன்றும் லாரி ஏறி, ரயில் ஏறி இங்கே வந்தது. பெட்டிக்கடையிலே சணல் கயிற்றிலே கிளிப் போட்டுத் தொங்கினது. எண்ணூர் ரோட்டிலே கன்டெய்னர் லாரி மணிக்கணக்கிலே நின்றால் டிரைவர் சீட்டிலே என்ன இருக்கும்? ஒரு தண்ணீர் கேன், ஒரு துண்டு, ஒரு பாக்கெட் நாவல். பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் எல்லாரும் அந்த சீட்டிலே பயணம் செய்தவர்கள்தான். 2008-லே சென்னையிலிருந்தே ஒரு பதிப்பகம் இந்தக் கதைகளை ஆங்கிலத்திலே தொகுத்துப் போட்டது. அதற்கப்புறம்தான் கல்லூரியிலே எங்களைப் போன்றவர்கள், "ஓ, இதுவும் இலக்கியத்திலே சேர்த்தியோ?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தோம்.

நடுவர் அவர்களே, இங்கேதான் என் சொந்த வழக்கு வருகிறது.

எங்க அக்கா முன்வரிசையிலே உட்கார்ந்திருக்காங்க. காட்டிக் கொடுத்தால் வீட்டிலே உதை விழும். (சிரிப்பு) எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, இதே பக்கத்திலே ஒரு கம்பெனியிலே பார்சல் கட்டுகிற வேலைக்குப் போனாங்க. அந்தக் கூலியிலேதான் நான் படித்தேன். ராத்திரி வேலை முடிந்து வரும்போது வாடகைப் புத்தகக் கடையிலே ஒரு நாவல் எடுத்து வருவாங்க. தெரு விளக்கு வெளிச்சம் விழுகிற வாசற்படியிலே உட்கார்ந்து படித்துவிட்டு, காலையிலே திருப்பிக் கொடுத்துவிடணும், இல்லாவிட்டால் இன்னொரு நாலணா. கடைசிப் பக்கம் கிழிந்து போயிருந்தால், கொலைகாரன் யார் என்று தானே யோசித்து எனக்குச் சொல்வாங்க. எழுத்துக்கூட்டிப் படிக்க நான் பழகினதே அந்தப் புத்தகங்களிலேதான்.

நான் ஆராய்ச்சி மாணவன் ஆனேன். ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் உள்ளே நுழையறதுக்குள்ளே நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அக்காவின் புத்தகங்களைக் காலாலே கட்டிலுக்கு அடியிலே தள்ளினேன். அட்டையிலே துப்பாக்கிப் படம் இருக்கிறதே, மானம் போயிடுமே என்று. அக்கா காபி கொண்டு வந்து வைத்தாங்க. கட்டிலுக்கு அடியிலே ஒரு பார்வை பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. இன்றைக்கு வரைக்கும் சொல்லலை.

அதற்கு ஒரு வருஷம் கழித்து, 1995-லே, இந்தப் பக்கத்து வாசகர் வட்டம் ஒரு மர்ம நாவலாசிரியரைப் பேசக் கூப்பிட்டது. பேர் வேண்டாம், அவர் விளம்பரம் விரும்பாத மனிதர். பஸ்ஸிலே வந்தார். கூட்டம் இருபத்தெட்டுப் பேர். வரவேற்புரை நான். ஆற்றுப்படையைப் பற்றி அரைமணி நேரம் அறுத்தேன். (சிரிப்பு) அவர் பத்து நிமிஷம்தான் பேசினார், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். அக்கா எழுந்திருச்சாங்க. எனக்கு வேர்த்துவிட்டது.

"சார், உங்க கதை அம்பத்தி மூணு படிச்சிருக்கேன். அதுல நாப்பத்தி ஒண்ணுல செத்துப்போறது பொம்பளைதான். இன்னாத்துக்கு சார்?"

ஒரு சத்தம் இல்லை. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். "அம்மா, இத்தனை வருஷத்திலே நான் எண்ணிப் பார்த்ததில்லை" என்றார். அவ்வளவுதான். மழுப்பலை, சிரித்துச் சமாளிக்கலை.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, அக்காவிடம் என்ன வேலை பண்றீங்க என்று விசாரித்தார். பார்சல் கட்டுகிறேன், பிரித்துப் போட்ட கயிற்றைப் பார்த்தாலே எந்தப் பொம்பளை கட்டினது என்று சொல்லிவிடுவேன், ஒவ்வொருத்தி கை முடிச்சும் வேற என்றாங்க. பையிலிருந்த சணலிலே நாலு முடிச்சு போட்டும் காட்டினாங்க. அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவன் நான். என்னை அவர் ஒரு கேள்வியும் கேட்கலை!

எட்டு மாசம் கழித்து ஒரு பார்சல் வந்தது. புது நாவல். கதையிலே பார்சல் கட்டுகிற ஒரு பெண். அவள் சாகலை ஐயா! கயிற்று முடிச்சைப் பார்த்துக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறவளே அவள்தான். (நீண்ட கைதட்டல்) மேசையிலே உட்கார்ந்திருந்தால் அந்த முடிச்சு அவருக்கு எங்கேயிருந்து கிடைச்சிருக்கும், நடுவர் அவர்களே?

அக்கா ஒரே ராத்திரியிலே படித்து முடித்தாங்க. காலையிலே என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, ஒரு கார்டு எழுது" என்றாங்க. பாராட்டுக் கடிதம் என்று நினைத்து நல்ல தமிழாகத் தயார் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். சொல்லச் சொல்ல எழுதினேன்: "சார், கதை நல்லா இருக்குது. ஆனா அறுபத்திரண்டாம் பக்கத்துல முடிச்சு தப்பு. வலப்பக்கமா ரெண்டு சுத்து சுத்தணும், நீங்க இடப்பக்கம்னு போட்டுட்டீங்க. அந்த மாதிரி கட்டினா பார்சல் லாரியிலேயே அவுந்துடும். அடுத்த வாட்டி வாங்க, கட்டிக் காட்றேன்."

வந்தார். அந்தத் தடவை கூட்டமெல்லாம் கிடையாது, மேடையும் கிடையாது. நேரே எங்க வீட்டுக்கு வந்தார். அக்கா சணலை எடுத்துவரப் போனாங்க. நான் கட்டிலுக்கு அடியிலே குனிந்து, அந்தப் புத்தகங்களை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தூசி தட்டி அவர் முன்னாலே வைத்தேன்.

மணி அடிச்சிட்டீங்க. உட்கார்ந்துடறேன்.