அம்மாவின் ஒட்டுக் கொப்பி



இலக்கியத்துக்கென்று ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் ஒட்டுக் கொப்பி ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சற்றுத் தயங்கினார். “அது கைவேலை நிகழ்ச்சிக்கு அல்லவா பொருந்தும்?” என்று கேட்டார். ஒருவேளை அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். கேட்டு முடித்தபின் நீங்களே தீர்மானியுங்கள்.

மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பிறந்தேன். என் தாயார் கொழுந்து எடுத்தவர். எழுத்து வாசனை அறியாதவர். ஆனால் காகிதம் என்றால் அவருக்கு ஒரு பயபக்தி. வீட்டுக்கு வந்த எந்தத் துண்டுக் கடதாசியையும் வீசிவிட மாட்டார். கணக்கப்பிள்ளை வீட்டில் பாதி எழுதித் தள்ளிய ஒரு சீ.ஆர். கொப்பியைக் கேட்டு வாங்கி வந்து, எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டு, எஞ்சியவற்றைச் சாக்கு ஊசியால் மறுபடி தைத்தார். முதுகுக்குப் பழைய சேலைக் கரை. அட்டைக்கு, தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாள். ஸ்டோரில் வேலை செய்த மாமா ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது அது. கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, பசையையும் அவரே தயாரித்தார். மயில்துத்தம் நஞ்சு என்பதால் பசைச் சிரட்டையைக் கூரை வளையில் ஏற்றி வைப்பார். நாங்கள் தொட்டால் அடி விழும். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பசை விடவில்லை. இன்று நான் கடையில் வாங்கும் பசைக் குழாய்கள் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்குவதில்லை.

அதில் என்னென்ன இருந்தன என்கிறீர்களா? மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் மாசிமகத் தேருக்குப் போய் வந்த பஸ் டிக்கட்டுகள். தேர்க்கடையில் வாங்கிய வளையலைச் சுற்றியிருந்த வர்ணக் கடதாசி. அண்ணனின் முதலாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கை. கொக்கோ இலை, மிளகுக்கொடி இலை, சாதிக்காயின் மேலிருக்கும் சிவந்த பத்திரி - எங்கள் மாவட்டத்தின் வாசனைகள் எல்லாம் தட்டையாகக் காய்ந்து கிடந்தன. கண்டியில் ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு குடும்பப் படம். முதற்பக்கத்தில், பசை பிடிக்காது என்று நூலால் தைத்து வைத்த ஒரு தகரச் சீட்டு.

தகரச் சீட்டைப் பற்றி இளைய நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் கரையிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில், இந்த ஆள் இன்ன தோட்டத்துக்குரியவர் என்று இலக்கம் குத்திய சிறு தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. அதற்கு முந்திய தலைமுறை மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைவரை நடந்தே வந்தது. வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் எண்ணற்றோர். கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் ரயில் வந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் 1914இல் ஓடத் தொடங்கியது. அம்மாவின் தகப்பனார் அதற்குப் பிறகு, மண்டபம் முகாம் வழியாக வந்தவர். அவர் கழுத்தில் தொங்கிய வில்லைதான் அது.

ஒட்டுக் கொப்பி என்பது உலகெங்கும் உள்ள பழக்கம்தான். அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன், தண்ணீர் தடவினாலே ஒட்டிக்கொள்ளும் பசைத்தாள்கள் கொண்ட ஒட்டுக் கொப்பி ஒன்றைக் கண்டுபிடித்து 1873இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதே மனிதர் 1896இல் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கியும் இருக்கிறார். ஆனால் எனக்கு அவரைவிட நெருக்கமாகத் தோன்றுவது எங்கள் அலுவிகாரை. மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் இரண்டு மைல்கூட இராது. வாய்வழியாகவே காத்து வந்த திரிபிடகத்தை, கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குகள் அங்கேதான் ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. ஏன் எழுதினார்கள்? பஞ்சமும் போரும் வந்து, மனனம் செய்தவர்கள் ஒவ்வொருவராக மடிந்தால் எல்லாம் அவர்களோடு போய்விடுமே என்ற பயம். 1848 கலகத்தின்போது அந்த ஏட்டுச்சாலையும் அழிந்தது. இப்போதும் அங்கே போகிறவர்களுக்கு, தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் கீறிக் காட்டுகிறார்கள். கீறும்போது எழுத்துத் தெரியாது. மேலே மை பூசித் துடைத்த பிறகுதான் தெரியும்.

சிகிரியாவும் எங்கள் மாவட்டம்தான். அங்குள்ள கண்ணாடிச் சுவரில் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை வந்துபோனவர்கள் கீறிவைத்த பாடல்களில் 685ஐ கலாநிதி செனரத் பரணவிதான படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். பலர் தம் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள், பெண்களும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் ஒருமுறை குடும்பத்தோடு அங்கே போனபோது, அப்பா சுவரருகே கையை நீட்டியதும் காவலாளி விசிலடித்துவிட்டார். “ஆயிரம் வருசத்துக்கு முந்தி வந்திருந்தா எழுதியிருக்கலாம்” என்று அப்பா இறங்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அம்மா சிங்கப் பாதத்துக்கு மேல் ஏறவில்லை. கீழேயே உட்கார்ந்திருந்து, பஸ் டிக்கட்டோடு ஓர் அரச இலையையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

எழுதத் தெரியாத அம்மாவின் கொப்பிக்கு எழுத்து என்னுடையது. எட்டு வயதில் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. அம்மா ஒட்டுவார்; ஒட்டியபின் சொல்வார்; நான் கீழே எழுதவேண்டும். அவர் சொல்வது நீளமாக இருக்கும். அன்று யார் என்ன சேலை கட்டியிருந்தார்கள், பஸ்ஸில் யார் இடம் கொடுத்தார்கள், எந்தக் கடையில் தேநீர் குடித்தார்கள், தேநீரில் சீனி கூடவா குறையவா என்பது வரைக்கும் வரும். எனக்கோ விளையாடப் போகவேண்டும். அத்துடன் பாடசாலையில் சுருக்கம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். எனவே சிகிரியா பக்கத்தில் “சிகிரியா போனது” என்று எழுதினேன். தேர்ப் பக்கத்தில் “தேர் பார்த்தது” என்று எழுதினேன். “எல்லாம் எழுதிட்டியா?” என்று கேட்பார். “எழுதிட்டேம்மா” என்பேன். அவர் எழுத்தின் மேல் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டுவார்.

ஒட்டுக் கொப்பியால் ஒரு சங்கடமும் நேர்ந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று தலைகள் பங்கிடப்பட்டன. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். விண்ணப்பத்துக்கு எல்லாவற்றுக்கும் கடதாசி வேண்டும். அண்ணனின் பிறப்பத்தாட்சிப் பத்திரமோ கொப்பியில் ஒட்டிக் கிடந்தது! கொப்பியோடு கொண்டுபோனால் காரியாலயத்தில் ஏற்க மறுத்துவிட்டார்கள். கேத்தல் ஆவியில் பிடித்துப் பிடித்து, ஓர் இரவு முழுக்க உரித்தெடுத்தோம். பின்புறத்து எழுத்துக் கரைந்துவிட்டது என்று மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள். அப்பா கொப்பியை அடுப்பில் போடப் போனார். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். கோதுமை மாவுக்கும் அரிசிக்கும் தவித்த காலம். பசை காய்ச்ச மா இல்லாமல் ஒட்டும் வேலை நின்றதும் அப்போதுதான். பெரியண்ணன் மதினியின் குடும்பத்தோடு சேர்ந்து இந்தியாவுக்குப் போகத் தீர்மானித்தார். அப்பா இங்கேயே இருப்பதென்று எழுதிக் கொடுத்திருந்தார். இப்படித்தான் ஒரே லயத்தில், ஒரே காம்பராவில் இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்களானார்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் அம்மா கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். சேலைக் கரையைப் பிளேடால் அறுத்து, தைத்த நூலைப் பிரித்து, தாள்களைப் பாய்மேல் பரப்பினார். யாரும் ஒன்றும் பேசவில்லை. தகரச் சீட்டிருந்த தாளை அண்ணன் பக்கம் தள்ளினார். “இது எங்கப்பா கழுத்துல தொங்குனது. திரும்பிப் போறவன்கிட்ட இருக்கட்டும்” என்றார். குடும்பப் படம் எங்களுக்கு. தேர் டிக்கட்டுகள் பாதிப் பாதி. சிகிரியா எங்களுக்கு. பிறகு ஒரு தாளைக் கையில் எடுத்து நெடுநேரம் வைத்திருந்தார். அதையும் அண்ணனிடமே கொடுத்தார். அந்தத் தாளைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

மறுநாள் அண்ணன் ஏறிய தலைமன்னார் ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. வேறு விளக்கம் அதற்குத் தேவையில்லை. அப்பால் இராமானுஜம் கப்பல். பிறகு மண்டபம் முகாம். பிறகு நீலகிரியில் கூடலூர். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் திறந்திருந்தது. கொழுந்து எடுக்கப் பழகிய கைகளுக்கு அங்கும் கொழுந்துதான். 1984இல் கப்பலும் நின்றது. கடிதங்கள் மெலிந்தன. அம்மா அண்ணனை மறுபடி பார்க்காமலே போய்விட்டார்.

நான் கூடலூருக்குப் போனது 2010இல், போர் முடிந்த மறு ஆண்டு. அண்ணன் தளர்ந்திருந்தார், பேச்சுக் குறைவு. அவர் மகள் அந்தப் பாதிக் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். புதிய அட்டை போட்டிருந்தாள். பின்னால் தாள்கள் சேர்த்து, அவர்களுடைய ஊட்டிப் பயண டிக்கட், பிள்ளைகளின் படங்கள் என்று தொடர்ந்து ஒட்டியிருந்தாள். மதினி சொல்லிக்கொடுத்த அதே மாப்பசை. புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி, “பாட்டியெல்லாம் கண்டி பெரஹரா பாக்கப் போனாங்களா அத்தை?” என்று கேட்டாள்.

அந்தத் தாளில் ஒட்டியிருந்தது, கெட்டி அட்டையில் அச்சிட்ட ஓர் அரை டிக்கட். கண்டியிலிருந்து மாத்தளைக்கு. கீழே என் எழுத்து: “கண்டிக்குப் போய் வந்தது. 1966.”

ரயில் டிக்கட்டை இறங்கும் நிலையத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்பது நேயர்களுக்குத் தெரியும். எங்கள் கொப்பியில் பஸ் டிக்கட் எத்தனையோ உண்டு, ரயில் டிக்கட் இது ஒன்றுதான். எனக்கு இளையவள் ஒருத்தி இருந்தாள். நான்கு வயது. காய்ச்சல் கண்டு, தோட்டத்து மருந்துக்குத் தீராமல், கண்டிக்குக் கொண்டுபோனார்கள். போகவர டிக்கட்டாகவே வாங்கினார் அப்பா. அவளுக்கு அரை டிக்கட். ஆறாம் நாள் அவர்கள் இருவராகத் திரும்பினார்கள். மாத்தளை நிலையத்தில் இரண்டு டிக்கட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த அம்மாவின் கையில் மூன்றாவது மிஞ்சியிருந்தது.

அதை ஒட்டிய அன்று அம்மா நெடுநேரம் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் பலூன் கேட்டதை, வாங்கிக் கொடுக்காததை, ரயிலில் போகும்போது ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு ஸ்டேசன் பெயரையும் அப்பாவிடம் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனதை. எல்லாம் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுருக்கி எழுதினேன். அம்மா அந்த எழுத்தின் மேலும் விரலால் தடவிப் பார்த்தார்.

பெரியண்ணன் இடுப்பில் வளர்ந்தவள் அவள். அதனால்தான் அந்தத் தாள் அவருக்குப் போயிற்று. அவரோ தன் மகளிடம் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்வியைக் காதில் வாங்கியவர், எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

நான் சொல்லத் தொடங்கினேன். பலூனைச் சொன்னேன். நினைவில் இருந்த ஸ்டேசன் பெயர்களைச் சொன்னேன். விட்டுப்போன ஒன்றை அண்ணன் வாசலில் நின்றபடியே, திரும்பாமல், எடுத்துக் கொடுத்தார். அவர் மகள் பேனாவை எடுத்து வந்து எழுதினாள். என் பழைய எழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை இடமே இருந்தது. பொடி எழுத்தாக எழுதியும் போதாமல், கடைசி வரிகள் தாளின் ஓரமாகத் திரும்பி, டிக்கட்டைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போயின.